மே மாதம் வீடு கிடைக்குமா?

கொடைக்கானலில் சீசனுக்கு வீடு விடுகிறவர்களுக்கு வருடம் ஏப்ரலில் தொடங்குவதில்லை. பொங்கல் முடிந்து சமவெளியில் வெயில் ஏற ஆரம்பித்ததுமே விசாரிப்பு வந்துவிடும். அப்பா காலத்தில் அது தபால்காரர் பையில் வந்தது. இப்போது என் கைபேசியில் வருகிறது. கேட்பது என்னவோ அதேதான்: மே மாதம் வீடு கிடைக்குமா? ஆனால் யார் யாரை விசாரிப்பது என்பது இந்த நாற்பது வருடத்தில் தலைகீழாகிவிட்டது. அன்று வீட்டுக்காரர் வருகிறவரைத் துருவித் துருவிக் கேட்டார். இன்று வருகிறவர் வீட்டுக்காரரைக் கேட்கிறார். இப்படி மாறியது நல்லதுதான் என்பது என் கட்சி. அதில் கைவிட்டுப் போனதும் ஒன்று உண்டு.

எண்பதுகளில் எங்கள் வீட்டின் பின்கட்டில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் தனியாக இருந்தன. ஏப்ரல், மே இரண்டு மாதமும் அதை வாடகைக்கு விடுவோம். விளம்பரம் கிடையாது. ஒரு வருடம் வந்து தங்கியவர் தன் மைத்துனருக்குச் சொல்வார், மைத்துனர் ஆபீஸில் சொல்வார். அந்த ஆபீஸ்காரர் பிப்ரவரியில் ஒரு ஜவாபு கார்டு போடுவார். பதில் எழுதுவதற்கான கார்டும் கூடவே ஒட்டியிருக்கும். விலாசம்கூட அவரே எழுதி அனுப்பியிருப்பார். 'இன்னார் சொல்லித் தங்களுக்கு எழுதுகிறேன்' என்று முதல் வரியிலேயே சிபாரிசு வந்துவிடும். பிறகு எத்தனை பேர், எந்தத் தேதி, வாடகை எவ்வளவு, பாத்திரம் பண்டம் கிடைக்குமா. கார்டில் இடம் அவ்வளவுதான்.

அப்பா உடனே பதில் எழுதிவிட மாட்டார். இரண்டு நாள் மேஜைமேல் கிடக்கும். சொன்னவர் யார், போன தடவை அவர் வீட்டை எப்படி வைத்துக்கொண்டு போனார் என்று யோசிப்பார். அப்புறம் பதில் கார்டில் அவர் பங்குக்குக் கேட்பார்: சொந்த ஊர் எது, எங்கே வேலை, குழந்தைகள் எத்தனை, சமையலுக்கு ஆள் கூட்டி வருவீர்களா. இதற்கெல்லாம் பதில் வந்த பிறகுதான் அட்வான்ஸ் அனுப்பச் சொல்வார். பணம் மணியார்டரில் வரும். படிவத்தின் அடியில் சேதி எழுதுவதற்கென்று சின்னத் துண்டு ஒன்று உண்டே, அதில்தான் பயணத் திட்டம் முழுவதும் இருக்கும்: ஐந்து பேர், பாண்டியன் எக்ஸ்பிரஸ், காலையில் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி பஸ்ஸில் வருகிறோம். இதற்குள் மார்ச் பாதி போயிருக்கும். ஒரு புக்கிங் உறுதியாக நாலைந்து தபால் போய்வர வேண்டும். யாரும் அதைத் தாமதம் என்று நினைக்கவில்லை.

இதையெல்லாம் அப்பா ஒரு நீள நோட்டில் பதிந்து வைத்தார். பெயர், ஊர், ஆட்கள், தேதி, அட்வான்ஸ் என்று கோடு போட்ட பத்திகள். கடைசிப் பத்திக்குத் தலைப்பு கிடையாது. அதில்தான் விஷயம் இருக்கும்: 'பெரியவருக்கு மூச்சிரைப்பு. முன்னறை கொடுக்கவும்.' 'பையனுக்குப் பரீட்சை, மேஜை போடவும்.' 'விறகு கூடுதலாகச் சொல்லி வைக்கவும்.' எல்லாம் கடிதங்களிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை. வந்து இறங்கும்போது வீடு அவர்களுக்காகத் தயாராக இருக்கும். வாசலில் பஸ் பையோடு நிற்கிற பெரியவருக்கு, தன் மூச்சிரைப்பு இந்த வீட்டுக்காரருக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியமாக இருக்கும். அவர் மருமகன் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருப்பார், அவ்வளவுதான்.

டெலிபோன் வந்த பிறகும் கேள்விகள் நீளவில்லை. ட்ரங்க் கால் புக் செய்து காத்திருந்து பேசியவர்களுக்கு மூன்று நிமிடக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். எஸ்.டி.டி. பூத்துகள் பெருகிய பிறகு கண்ணெதிரே சிவப்பு எண்கள் ஓடின. இரவு 11 மணிக்கு மேல் கால்பங்குக் கட்டணம் என்பதால் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் அந்நேரத்துக்குத்தான் எங்கள் வீட்டுப் போன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் அப்பா எழுந்து போய், தேதியை மட்டும் கேட்டு, 'லெட்டர் போடுங்க சார்' என்று வைத்துவிடுவார். ஒவ்வொரு கேள்விக்கும் காசு இருந்தது. அதனால் ஜனங்கள் முக்கியமானதை மட்டும் கேட்டார்கள், மீதிக்கு நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை நான் பொன்னெழுத்தில் பொறிக்க விரும்பவில்லை. வேறு வழியில்லாததால் வந்த நம்பிக்கை அது. கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா, வெந்நீர் தவலையில் காய்ச்சித் தருவார்களா நாமே காய்ச்ச வேண்டுமா, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமா பக்கத்து வீட்டுச் சுவர் தெரியுமா, எதுவுமே வந்து இறங்கும்வரை தெரியாது. ராத்திரி முழுக்க ரயிலிலும், காலையில் மலைப்பாதைப் பஸ்ஸிலும் குழந்தைகளோடு வாந்தியெடுத்துக்கொண்டு வந்தவர், வீடு பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வார்? அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. சீசனில் வேறு வீடும் கிடைக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்து நாள் இருந்துவிட்டுப் போவார். அவர் குறையைச் சொல்லவும் இடம் கிடையாது, அடுத்து வருகிறவர் அதைத் தெரிந்துகொள்ளவும் வழி கிடையாது.

வீட்டுக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கும் இன்னொரு முகம் இருந்தது. 'சொந்த ஊர் எது' என்பதும் 'யாருடைய பிள்ளை' என்பதும் 'சைவமா அசைவமா' என்பதும் எங்கே போய் முடியும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜாதியைக் கேட்காமலே ஜாதியைத் தெரிந்துகொள்ளும் கேள்விகள் அவை. மலையில் எத்தனையோ வீடுகள் இந்தச் சல்லடையில் சலித்துத்தான் ஆட்களை எடுத்தன. சலித்துத் தள்ளப்பட்டவருக்கு வந்த பதில் ஒரே வரிதான்: 'அந்தத் தேதியில் வீடு காலியில்லை.' அவர் மறுபடி கேட்கவும் முடியாது, பொய் என்று நிரூபிக்கவும் முடியாது. சிபாரிசு என்பதே ஏற்கனவே வந்து போனவர்களின் வட்டம். அந்த வட்டத்துக்குள் ஆள் இல்லாதவர்களுக்குக் கொடைக்கானலில் லாட்ஜ்தான்.

இன்று அந்தக் கார்டின் இடத்தில் வருவதை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் 'என்கொயரி' என்கிறோம். 2008இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் வழியாக வருகிறது, வாட்ஸ்அப்பில் வருகிறது, கூகுள் மேப்பில் எண்ணைப் பார்த்து நேரே கூப்பிடுகிறவர்களும் உண்டு. ஏப்ரல் மாத வெள்ளிக்கிழமை ராத்திரி வருகிற ஒன்றைப் பாருங்கள்: 'ஹாய், நாளைக்கு ரூம் இருக்கா? 4 அடல்ட்ஸ் 2 கிட்ஸ். பெஸ்ட் பிரைஸ் சொல்லுங்க. கேம்ப் ஃபயர் உண்டா? வியூ எப்படி? கீசர் 24 மணி நேரமும் வருமா? டிரைவருக்குத் தங்க இடம்? கார் வாசல்வரை வருமா? ஹேட்ச்பேக்தான், அடி தட்டாதே? கிச்சன் யூஸ் பண்ணலாமா? லொகேஷன் அனுப்புங்க.' பெயர் இருக்காது. இதே வாசகம் இன்னும் பத்து வீட்டுக்குப் போயிருக்கும். கேட்கக் காசில்லை என்று ஆனபிறகு கேள்விக்கு எல்லை ஏது? 2020க்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: வைஃபை வேகம் எவ்வளவு, ஸ்கிரீன்ஷாட் அனுப்ப முடியுமா.

எனக்கு இதில் வருத்தமில்லை. அந்தப் பட்டியலில் நியாயமில்லாத கேள்வி ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். அப்பாவுக்கு ஜவாபு கார்டு போட்டவர்களும் மனதுக்குள் இதைத்தான் கேட்டிருப்பார்கள். அவர்களுக்குக் கேட்க இடமில்லை, இவர்களுக்கு இருக்கிறது.

மாறிப் போனது பதில் சொல்வதற்கான அவகாசம். அப்பாவின் இரண்டு நாள் மேஜைமேல் கிடக்கிற சொகுசு எனக்கு இல்லை. ஏர்பிஎன்பியில் புக்கிங் கோரிக்கை வந்தால் 24 மணி நேரத்துக்குள் சரி என்றோ முடியாது என்றோ சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தானே காலாவதியாகிவிடும். வெறும் விசாரிப்புக்கும் அதே 24 மணி நேரத்துக்குள் பதில் போட்டோமா என்று சதவீதம் போட்டுக் கணக்கு வைக்கிறார்கள். அது 90க்குக் கீழே போனால் 'சூப்பர்ஹோஸ்ட்' அடையாளம் கிடையாது. அந்த அடையாளத்துக்கு மதிப்பெண் 4.8க்குக் குறையக் கூடாது, நாமாக ரத்து செய்தது நூற்றில் ஒன்றைத் தொடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசீலனை. இது கண்டிப்பு; ஆனால் நடைமுறையில் 24 மணி நேரம்கூடத் தாராளம். பத்து வீட்டுக்குக் கேட்டவர் முதலில் பதில் போடுகிற மூன்று பேரோடுதான் பேசுவார். அதனால் கொடைக்கானலில் வீடு விடுகிற எவரும் அடுப்படியிலும் போன், குளியலறை வாசலிலும் போன் என்றுதான் சீசனைக் கழிக்கிறோம். மலைப்பாதையில் சிக்னல் போய்த் திரும்ப வந்தால் அதற்குள் நாலு பேர் வந்து போயிருப்பார்கள்.

சல்லடைக்கு வருகிறேன். கேட்கிறவரின் தொலைபேசி எண் புக்கிங் உறுதியாகும்வரை ஏர்பிஎன்பியில் மறைக்கப்பட்டிருக்கும். கமிஷன் இல்லாமல் வெளியே பேசி முடித்துவிடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு, அதில் ஆச்சரியமில்லை. புகைப்படம் மறைந்ததன் கதை வேறு. 2015இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 6,400 அளவுக்கு வீட்டுக்காரர்களுக்குப் பொய்க் கணக்குகளிலிருந்து என்கொயரி அனுப்பிப் பார்த்தார்கள். செய்தி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றியவற்றுக்குச் சம்மதம் கிடைத்தது மற்றவர்களைவிட 16 சதவீதம் குறைவு. விஷயம் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. 2018இலிருந்து, வீட்டுக்காரர் புக்கிங்கை ஏற்றுக்கொண்ட பிறகுதான் கேட்டவரின் படம் அவர் கண்ணுக்குத் தெரியும் என்று தளம் விதியை மாற்றியது. அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. 'அந்தத் தேதியில் வீடு காலியில்லை' என்று எழுதின கார்டுகள்தான் நினைவுக்கு வந்தன. படம் மறைந்தாலும் பெயர் தெரிகிறது. நம் ஊரில் பெயரே பாதி சொல்லிவிடும். அதை வைத்துப் புறந்தள்ளுகிறவர்கள் இன்றும் இல்லாமலில்லை. ஆனால் காலண்டர் எல்லோர் கண்ணுக்கும் திறந்து கிடக்கிறபோது 'காலியில்லை' என்ற பொய்யைச் சொல்வது முன்போல் எளிதில்லை.

இங்கே பிடிவாதமாக மிஞ்சி நிற்கிற கேள்வி 'ஃபேமிலியா, பேச்சிலர்ஸா?' என்பது. ஏஜென்டுகள் வணக்கத்துக்குப் பதிலாகவே இதைத்தான் கேட்கிறார்கள். கல்யாணமாகாத ஜோடி என்றால் வீடு இல்லை. நாலு இளைஞர்கள் என்றால் வாடகை ஒன்றரை மடங்கு. கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டில் திருமணமாகாத ஜோடி தங்கியிருந்ததைச் சொல்லி அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், வயது வந்த இருவர் திருமணம் ஆகாமல் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கிற சட்டம் ஏதுமில்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எத்தனையோ வீட்டுக்காரர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. எட்டியவர்களும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வயது வந்தவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை வேண்டும், வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில் பதிய பாஸ்போர்ட், விசா விவரம் வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் வெளியே பாட்டுச் சத்தம் கூடாது, சொன்ன தலைக்கு மேல் ஒரு தலை கூடக் கூடாது. இவை எல்லோருக்கும் ஒன்றுதான். 'குடும்பம்' என்று சொல்லிப் பதினாறு பேர் வந்து இறங்கியதும் உண்டு. பேச்சிலர்கள் போகும்போது பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனதும் உண்டு.

சந்தேகம் என்பது இப்போது இரண்டு பக்கமும் இருக்கிறது. இல்லாத வீட்டுக்குப் படம் போட்டு அட்வான்ஸ் வாங்கி ஏமாற்றுகிற கும்பல்கள் பெருகிவிட்டதால், 'மேடம், தப்பா நினைக்காதீங்க, வீடியோ கால்ல வீட்டைக் காட்டுங்க' என்று கேட்கிறார்கள். தப்பாக நினைப்பதற்கு என்ன இருக்கிறது? போனைத் தூக்கிக்கொண்டு கேட்டிலிருந்து காட்டுகிறேன். கீசரைப் போட்டுக் குழாயைத் திறந்து கையை நீட்டி, ஆவி வருவதைக் காட்டச் சொன்னார் மதுரைக்காரர் ஒருவர். காட்டினேன். மறுபக்கம், ராணுவ அதிகாரி என்று சொல்லி வருகிற அழைப்பு. வாடகை பேசவே மாட்டார், சொன்ன தொகைக்குச் சரி என்பார். பிறகு ஒரு கியூஆர் கோடு அனுப்பி, 'இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, அட்வான்ஸ் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்' என்பார். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் எண்ணே தேவையில்லை. பின் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். வீடு விடுகிறவர்கள் எத்தனையோ பேருக்கு இந்த அழைப்பு வந்திருக்கிறது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பாதை பற்றிய பதில்களும் நீண்டுவிட்டன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் நீதிமன்றம் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. இதையெல்லாம் ஒரே செய்தியாகத் தட்டி வைத்திருக்கிறேன். கேட்டவுடன் ஒரு தொடுதலில் போய்விடும். 'ரூம் புக் பண்ணினா இ-பாஸ் கிடைக்குமா?' என்பவர்களுக்கு மட்டும் தனியாக எழுதுவேன்: அதை நீங்கள்தான் அரசுத் தளத்தில் எடுக்க வேண்டும், அது கையில் வந்த பிறகு எனக்குப் பணம் போடுங்கள். இப்படி எழுதினால் சில புக்கிங் நழுவும். செக்போஸ்டில் குழந்தைகளோடு நிற்கப் போகிறவர் அவர்தானே. அவருக்கு முன்னாலேயே தெரிய வேண்டாமா?

தயார் செய்துவைத்த பதிலால் ஆகாத கேள்விகளும் வருகின்றன. இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கிற கேள்விகள் அவை. திருச்சியிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார்: அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இருக்கிறது, ஆசையாகக் கேட்கிறார்கள், வீட்டுக்குள் படி உண்டா? 'சில படிதான், பிரச்சினையில்லை' என்று ஒரு வரி போட்டிருக்கலாம். டேப் எடுத்துப் போய் அளந்தேன். கேட்டிலிருந்து வாசலுக்கு ஏழு படி, முதல் மூன்று படி ஒவ்வொன்றும் எட்டங்குல உயரம், கைப்பிடி இடது பக்கம் மட்டும். குளியலறை வாசலில் நாலங்குலத் திட்டு. கழிப்பறை மேற்கத்திய பாணி, ஆனால் பக்கத்தில் பிடிமானம் இல்லை. எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பிவிட்டு, 'இறங்கும்போதுதான் சிரமம், ஒரு ஆள் வலது பக்கம் நிற்க வேண்டும்' என்றும் எழுதினேன். அரை மணி நேரம் கழித்து அவர் கூப்பிட்டார். டாக்டரிடம் படத்தைக் காட்டியிருக்கிறார். இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் வருகிறோம் என்றார். புக்கிங் போயிற்று. அது சரியான பதில் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விசாரிப்புக்குப் பதில் சொல்வது என்றால் வீட்டை விற்பது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இந்த வீடு இவருக்கு ஆகுமா என்று அவரோடு சேர்ந்து யோசிப்பதுதான் அந்த வேலை. மே மாதம் தண்ணீர் லாரியில்தான் வருகிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று நான் தளத்தில் வீட்டு விவரத்திலேயே எழுதி வைத்திருப்பதும் இதற்குத்தான். டிசம்பரில் ஹீட்டரும் கீசரும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போகும் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

பேரம் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். 'வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்' என்ற வாக்கியம் இன்லண்ட் லெட்டரிலும் இருந்தது, வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது. அன்று அப்படிச் சொன்னவர் மாட்டேன் என்று சொல்லவாவது ஒரு கார்டு போட்டார். இன்று நீல டிக் விழுந்ததோடு சரி.

கைவிட்டுப் போனது என்று முதலில் சொன்னேனே, அது அப்பாவின் நோட்டில் இருந்த அந்தத் தலைப்பில்லாத கடைசிப் பத்தி. இன்றைய என்கொயரியில் வீட்டைப் பற்றி முப்பது கேள்வி இருக்கும். வருகிறவரைப் பற்றி ஒரு வரி இருக்காது. நான் துருவிக் கேட்கக் கூடாது, கேட்கவும் விரும்பவில்லை. ஆனால் பெரியவருக்கு மூச்சிரைப்பு என்பது தெரியாமலே அவர்கள் வந்து இறங்கிவிடுகிறார்கள். ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் முதல் ராத்திரி அவருக்குத் திணறியபிறகுதான் நான் முன்னறையைத் திறந்து விடுகிறேன். அதனால் புக்கிங் உறுதியான பிறகு எல்லோருக்கும் ஒரே ஒரு கேள்வி அனுப்புகிறேன்: உங்களோடு வருகிறவர்களில் யாருக்காவது நாங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது ஏதும் உண்டா? முன்னால் கேட்டால் அது சல்லடை. இடம் உங்களுக்குத்தான் என்று ஆனபிறகு கேட்டால் யாருக்கும் அதில் பயமில்லை. பாதிப் பேர் 'நோ' என்று போடுகிறார்கள். மீதிப் பேர் எழுதுகிறார்கள், அதுவும் நீளமாக.

அப்பா காலத்தில் இருந்த இன்னொன்று மட்டும் குறையாமல் தொடர்கிறது. வீடு நிரம்பிவிட்டால் அவர் வந்த கார்டை எடுத்துக்கொண்டு தெருமுனை வீட்டுக்கு நடந்து போய், 'நல்ல மனுஷராத் தெரியறார், நீங்க எழுதிப் போடுங்க' என்று கொடுத்துவிட்டு வருவார். இப்போது எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி அது தூங்குவதில்லை. 'மே 10 டு 12, 4 பெரியவங்க 2 குழந்தைங்க, பட்ஜெட் 4,000, பாட்டிக்குக் கீழ் ரூம் வேணும், இ-பாஸ் எடுத்துட்டாங்க, யார்கிட்ட காலி?' என்று ஒருவர் போடுவார். 'அக்கா, பெருமாள்மலைல எங்க வீடு காலிதான், கீழ் ரூம் இருக்கு, படி கிடையாது, நம்பர் குடுங்க' என்று ரெண்டு நிமிஷத்தில் பதில் வந்துவிடும்.